முழங்கால் நார் கிழிந்தால்: அறுவை சிகிச்சையும் அதற்குப் பிறகு நீங்கள் செய்ய வேண்டியதும்

கோலசிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்ட வட்டார மூத்த குடிமக்களுக்கான விளக்கம்

மழை விட்ட காலையில் வாசற்படி வழுக்குகிறது. கானைத் தாண்டும்போது கால் இடறுகிறது. மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது ஊன்றிய கால் மண்ணில் நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பிவிடுகிறது. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. சில மணி நேரத்தில் முட்டி பந்துபோல் வீங்குகிறது. "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சுளுக்காகவும் இருக்கலாம். முழங்காலைக் கட்டி வைத்திருக்கும் நார் கிழிந்ததாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. எப்போது அவசரமாக மருத்துவரிடம் போக வேண்டும், எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவையா, அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்தக் கையேடு விடை தருகிறது.

முட்டியைக் கட்டி வைத்திருப்பது எது?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால். இந்த இரண்டு எலும்புகளையும் நான்கு உறுதியான நார்கள் கயிறுபோல் கட்டி வைத்திருக்கின்றன. மருத்துவர்கள் இவற்றை லிகமெண்ட் என்பார்கள். இக்கையேட்டில் மூட்டு நார் என்று சொல்வோம்.

முட்டியின் உட்பக்கத்தில் ஒன்று, வெளிப்பக்கத்தில் ஒன்று என இரண்டு நார்கள் உள்ளன. கால் பக்கவாட்டில் சாயாமல் அவை தடுக்கின்றன. மூட்டின் நடுவே இரண்டு நார்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்கின்றன. கீழ்க்கால் எலும்பு முன்னேயோ பின்னேயோ நழுவாமல் அவை பிடித்துக்கொள்கின்றன. இவற்றில் முன்குறுக்கு நார் கிழிவதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேள்விப்பட்டிருப்பீர்கள். பந்து விளையாடும் இளைஞர்களுக்கு வரும் 'ஏ.சி.எல்.' கிழிசல் என்பது அதுதான்.

இவை தவிர, தொடைத் தசையை முட்டிச் சில்லோடும், முட்டிச் சில்லைக் கீழ்க்கால் எலும்போடும் இணைக்கும் நாண் ஒன்று முன்பக்கத்தில் உண்டு. காலை நீட்டுவது இந்த நாணின் வேலை. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இதுவும் அறுபடக்கூடும். அதைப் பற்றிப் பின்னர் தனியாகச் சொல்கிறோம்.

தோட்டத்தில் உழைத்த முட்டிகள்

1917-ஆம் ஆண்டு நம் வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் நாட்டிலேயே முதன்முதலாக வாணிப நோக்கில் செம்பனை நடப்பட்டது. அன்று தொடங்கிப் பல தலைமுறைகள் இங்கே பால் வெட்டியும், குலை அறுத்தும், உதிரிப் பழம் பொறுக்கியும் வாழ்ந்திருக்கின்றன. குனிந்து எழுவது, குந்தி உட்காருவது, பாரம் தூக்கி மேடு பள்ளத்தில் நடப்பது ஆகிய எல்லாச் சுமையையும் தாங்கியது முட்டிதான்.

அதனால் இந்த வயதில் முட்டிக்குள் தேய்மானம் இருப்பது இயல்பு. தொடைத் தசையும் முன்போல் பலமாக இருக்காது. நீண்ட கால நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு நாண்கள் பலவீனமாக இருக்கலாம். ஆகவே இளைஞருக்குப் பெரிய விபத்தில் கிழியும் நார், உங்களுக்கு ஒரு சிறிய வழுக்கலிலேயே கிழியக்கூடும். "லேசாகத்தானே விழுந்தேன்" என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

அடிபட்ட முதல் மூன்று நாள்

நடப்பதை நிறுத்திவிட்டு உட்காருங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை முட்டியில் வையுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இதைச் செய்யலாம். பனிக்கட்டி நேரடியாகத் தோலில் படக்கூடாது. மீள்கட்டுத் துணியை இறுக்கமில்லாமல் சுற்றுங்கள். படுத்துக்கொண்டு காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.

இந்த மூன்று நாளில் செய்யக்கூடாதவையும் உண்டு. வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சூடான பத்து வேண்டாம். நீவுதல், உருவுதல், சுளுக்கு எடுத்தல் எதுவும் வேண்டாம். கோடாலித் தைலம் தடவி அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். உள்ளே ரத்தம் கசியும் நேரத்தில் சூடும் அழுத்தமும் வீக்கத்தைக் கூட்டும். பாதி கிழிந்த நார் முழுதாகக் கிழியவும் கூடும். எலும்பு முறிந்திருந்தால் அது விலகிப்போகலாம். நீவி விடுபவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், உள்ளே இருப்பதை அவரால் பார்க்க முடியாது.

வலிக்கு மாத்திரை வேண்டுமானால் கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். பதிவு எண் இல்லாத ஜாமு, பெயரில்லாத பொட்டல மாத்திரை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது வலியை மறைக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும்.

யார் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

கீழ்க்காண்பவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

• அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லை.
• படுத்த நிலையில் காலை நேராக நீட்டித் தூக்க முடியவில்லை.
• முட்டியைப் பாதியளவுகூட மடக்க முடியவில்லை.
• முட்டியின் வடிவம் மாறியிருக்கிறது, அல்லது முட்டிச் சில்லு இடம் மாறியதுபோல் தெரிகிறது.
• பாதம் குளிர்ந்து, வெளுத்து, மரத்துப் போயிருக்கிறது. இது மிக அவசரம். 999 எண்ணை அழையுங்கள்.

உங்களுக்கு 55 வயது ஆகிவிட்டதென்றால், முட்டியில் அடிபட்ட பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. கனடாவின் ஒட்டாவா நகரில் உருவாகிப் பல நாடுகளில் பின்பற்றப்படும் மருத்துவ விதி ஒன்று இதைத்தான் சொல்கிறது. வயதானவர்களின் எலும்பு எளிதில் முறியும் என்பதே காரணம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நார் தெரியாது. ஆகவே எக்ஸ்ரே நன்றாக இருந்தும் முட்டி அடிக்கடி மடிந்து கைவிடுவதுபோல் இருந்தால், மறுபடியும் போய்ச் சொல்லுங்கள். தேவையானால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள்.

அவசரம் இல்லாதவர்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கிற்குச் செல்லலாம். கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்களில் கிளினிக்குகள் உள்ளன. தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம், கோல குபு பாரு ஆகிய ஊர்களில் அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. நிபுணர் பார்க்க வேண்டியிருந்தால், நீங்கள் வசிக்கும் இடத்தைப் பொறுத்துச் சுங்கை பூலோ, கிள்ளான், செலாயாங் போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவையா?

தேவையில்லை. உட்பக்க நார் கிழிந்தால், பெரும்பாலும் கால் பட்டை அணிந்து, பயிற்சி செய்தாலே சில வாரங்களில் தானாக ஆறிவிடும். முன்குறுக்கு நார் கிழிந்தால் அது தானாக ஒட்டுவது அரிது. ஆனாலும் வயதானவர்களில் பலர் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியாலேயே நன்றாக நடக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அறுவை சிகிச்சை வேண்டியிருக்காது.

பயிற்சி செய்த பிறகும் நடக்கும்போது முட்டி திடீரென்று மடிந்து நீங்கள் விழப்போனால், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட நார்கள் கிழிந்திருந்தால், அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் பேசுவார். வயது மட்டுமே அதற்குத் தடையல்ல. உங்கள் நடமாட்டம், இதயம், சர்க்கரை அளவு, முட்டித் தேய்மானம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். தேய்மானம் அதிகமாக இருந்தால் நாரை மட்டும் சரிசெய்வதில் பயன் இருக்காது. வேறு வழியைச் சொல்வார்கள்.

தாமதிக்கக்கூடாத ஒரு கிழிசல்

முட்டிக்கு முன்னால் உள்ள நாண் முழுவதும் அறுந்தால் கதை வேறு. படிக்கட்டில் கால் தவறி, விழாமல் இருக்க முட்டியை இறுக்கிப் பிடிக்கும்போது இது நடக்கும். அதற்குப் பிறகு காலை நீட்ட முடியாது. முட்டிச் சில்லுக்கு மேலேயோ கீழேயோ தொட்டால் ஒரு பள்ளம் தெரியலாம்.

இது பயிற்சியால் சேராது. தைத்துத்தான் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வது நல்லது. தள்ளிப்போட்டால் தொடைத் தசை சுருங்கி மேலே ஏறிவிடும். அறுந்த முனைகளை இழுத்துச் சேர்ப்பது கடினமாகும். நீவி விட்டுக் காத்திருப்பவர்கள் இழப்பது இந்த நாட்களைத்தான். காலை நீட்டித் தூக்க முடியவில்லை என்றால் அன்றே போய்ப் பாருங்கள்.

அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

இது புதிய சிகிச்சையல்ல. 1895-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மேயோ ராப்சன் என்ற மருத்துவர் 41 வயது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் கிழிந்த குறுக்கு நார்களைத் தைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்தும் அந்தத் தொழிலாளி தன் கால் பலமாக இருப்பதாகச் சொன்னார். ஆனால் முன்குறுக்கு நாரை வெறுமனே தைப்பது பலருக்கு நிலைக்கவில்லை. 1917-இல் ஹே குரோவ்ஸ் என்ற மற்றொரு ஆங்கிலேய மருத்துவர், நோயாளியின் தொடையிலிருந்தே ஒரு நார்ப் பட்டையை எடுத்துப் புதிய நாராகப் பொருத்திய முறையை வெளியிட்டார். இன்று செய்வதும் அடிப்படையில் அதுதான்.

பெரிய வெட்டு கிடையாது. சில சிறிய துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்துவார்கள். பெரும்பாலும் உங்கள் தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாணை எடுத்து, அதற்கென ஒரு சிறிய வெட்டு போடுவார்கள். எலும்புகளில் துளையிட்டு, அந்த நாணை உள்ளே செலுத்தி, ஸ்குரூ போன்ற பொருளால் பிடிக்க வைப்பார்கள். பொதுவாக ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தோ, முழுதாக மயக்கம் கொடுத்தோ செய்வார்கள். அடிபட்ட உடனே செய்வதில்லை. வீக்கம் வடிந்து, கால் ஓரளவு மடக்கி நீட்ட வந்த பிறகே நாள் கொடுப்பார்கள்.

போவதற்கு முன்

நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, இனிப்பு நீர் மருந்து ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தக்கூடாது. சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தால் காயம் நன்றாக ஆறும். புகை பிடிப்பவர்கள் அன்றே நிறுத்துவது நல்லது.

ஒப்புதல் படிவத்தில் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் விளக்கும்படி கேளுங்கள். மகனையோ மகளையோ பேரப்பிள்ளையையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஒட்டுக்கன்றை நினைத்துக்கொள்ளுங்கள்

அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். குணமாக ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். மருத்துவர் வைத்த நார் உங்கள் எலும்போடு வளர்ந்து ஒட்ட வேண்டும். ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒட்டு துளிர்த்த உடனே யாரும் அதில் பால் வெட்டுவதில்லை.

இரண்டு மாதத்தில் உங்களுக்கு வலி குறைந்திருக்கும், நன்றாக நடப்பீர்கள். ஆனால் உள்ளே வைத்த நார் மிகவும் பலவீனமாக இருப்பது ஏறக்குறைய 6-ஆவது வாரத்திலிருந்து 12-ஆவது வாரம் வரைதான். வலி போய்விட்டது என்று பாரம் தூக்கியும், கான் தாண்டியும், மோட்டார் சைக்கிள் ஏறியும் நாரை மறுபடி கிழித்துக்கொள்ளக்கூடிய காலம் இது. கவனமாக இருங்கள்.

பொதுவான கால அளவு இது. உங்களுக்கு மாறுபடலாம்; மருத்துவர் சொல்வதே முடிவு.

முதல் 2 வாரம்: ஊன்றுகோலுடன் நடக்க வேண்டும். வீக்கத்தைக் குறைப்பதும், காலை முழுதாக நீட்டப் பழகுவதும் முக்கியம். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள்.

2 முதல் 6 வாரம்: ஊன்றுகோலை மெல்ல விடலாம். முட்டியை மடக்கும் அளவைக் கூட்டுவார்கள்.

6 முதல் 12 வாரம்: நிலையான சைக்கிள், சமநிலைப் பயிற்சி. நார் பலவீனமான காலம் இது.

3 முதல் 6 மாதம்: தொடைத் தசையைப் பலப்படுத்துதல். சமதளத்தில் அதிக தூரம் நடக்கலாம்.

9 மாதம் வரை, அதற்கு மேலும்: மேடு பள்ளம், பாரம், தோட்ட வேலை. மருத்துவரும் பிசியோவும் பார்த்துச் சரி என்ற பிறகே. தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளை ஏறும் எண்ணம் இருந்தால் அதையும் அவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

வீட்டில் செய்யும் பயிற்சிகள்

முன்குறுக்கு நார் மாற்றியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லித்தரும் நான்கு பயிற்சிகள் இவை. பிசியோ காட்டித் தந்த பிறகு தொடங்குங்கள்.

1. பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். மணிக்கு ஒரு முறை, 10 தடவை. ரத்தம் உறையாமல் இது காக்கும்.
2. காலை நீட்டி வைத்து, முட்டியைப் படுக்கையை நோக்கி அழுத்தித் தொடையை இறுக்குங்கள். 5 வினாடி பிடித்து விடுங்கள். 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை.
3. சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டி தானாக நேராகும்படி 5 நிமிடம் விடுங்கள்.
4. படுத்தபடி குதிகாலை மெல்லப் பின்னே இழுத்து முட்டியை மடக்குங்கள். 10 தடவை.

சுகமாக இருக்கிறது என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு நொண்டி நடக்க நேரும். தலையணை வைப்பதென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

முன்பக்க நாணைத் தைத்தவர்களுக்கு மேலே உள்ள பயிற்சிகளும் கால அளவும் பொருந்தாது. அவர்கள் பொதுவாக ஆறு வாரம்வரை முட்டியை நேராக வைக்கும் பட்டை அணிய வேண்டியிருக்கும். தங்கள் மருத்துவர் சொன்னபடி மட்டும் செய்ய வேண்டும்.

வீட்டில் சில மாற்றங்கள்

குந்தும் கழிவறை இருந்தால், உட்காரும் நாற்காலி ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். சம்மணம் போட்டு உட்காருவதும் மண்டியிடுவதும் சில மாதங்களுக்கு வேண்டாம்; சாமி கும்பிடுவதை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். குளியலறையில் வழுக்காத விரிப்பும் கைப்பிடியும் வேண்டும். தேய்ந்த சிலிப்பரைத் தூக்கிப்போடுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

கைத்தடியை அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோகும் கால் முதலில்.

உடனே திரும்பிப் போக வேண்டிய அறிகுறிகள்

• கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலிக்கிறது.
• காய்ச்சல் அடிக்கிறது, காயம் சிவந்திருக்கிறது அல்லது சீழ் வருகிறது.
• வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடுகிறது.
• மூச்சுத் திணறல், நெஞ்சுவலி. உடனே 999.

செலவும் உதவியும்

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போர் பதிவு முகப்பில் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே பொருத்தும் பொருளுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். கட்ட முடியாவிட்டால் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவை அணுகலாம்.

வேலையிலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ அடிபட்டிருந்தால் சொக்சோ பாதுகாப்பு உண்டு. 60 வயதைத் தாண்டியும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு பொருந்தும். முதலாளியிடம் உடனே தெரிவியுங்கள். மருத்துவச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

பிசியோவுக்குப் போக வண்டி இல்லை என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விடுவதற்கு முன் சொல்லுங்கள். சில சுகாதார கிளினிக்குகளிலும் பிசியோ சேவை இருக்கிறது. வீட்டுக்கு அருகில் மாற்றித் தரக் கேட்கலாம். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதியோ படமாகவோ வாங்கிக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அப்பா அம்மாவைப் படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது அன்பாகத் தோன்றும். ஆனால் பயிற்சி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வரை எண்ணுவதுதான் அவர்களுக்கு உண்மையான உதவி. நாரைப் பொருத்துவது மருத்துவரின் வேலை. மறுபடி நடக்க வைப்பது, நாள்தோறும் வீட்டில் செய்யும் அந்தப் பத்துத் தடவைதான்.